தலைவருக்கு முளைத்த கொம்பு

மூன்று படங்கள் அனுப்பினால் நடுவில் இருப்பதை யாரும் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். பன்னிரண்டு வருடத் தொழிலில் ஹெட்விக் கண்டுகொண்ட உண்மை அது. அதனால்தான் திங்கட்கிழமை காலை இயக்குநர் சிக்ஸ்டனிடமிருந்து வந்த மின்னஞ்சலை அவள் மூன்று தடவை படித்தாள்.

"ரெண்டாவது படம். இதுதான் நம்ம பூதம். ஒரு முடியைக்கூட மாத்தாதே."

ஹெட்விக்கின் வேலை, உலகத்தில் இல்லாததை முதன்முதலில் வரைந்து காட்டுவது. சினிமாவிலும் தொடர்களிலும் ஒரு ஜந்து வருகிறதென்றால், அதற்கு எத்தனை கால், தோல் வழவழப்பா சொரசொரப்பா என்று அவள் வரைந்து கொடுத்த பிறகுதான் மற்றவர்கள் களிமண்ணையும் கணினியையும் தொடுவார்கள். ஸ்டாக்ஹோமில் இந்தத் தொழில் செய்பவர்கள் எல்லோரையும் ஒரே ரயில் பெட்டியில் ஏற்றிவிடலாம். இப்போதைய தொடரில், வடக்கே ஒரு சதுப்பு நிலத்திலிருந்து எழுந்து வந்து ஊரை அதட்டும் பூதம் ஒன்று தேவைப்பட்டது.

முதல் படம் அவள் உயிரைக் கொடுத்து இரண்டு வாரம் வரைந்தது. மூன்றாவதும் பரவாயில்லை ரகம். இரண்டாவது படம் நிராகரிக்கப்படுவதற்காகவே பிறந்தது. வேண்டாம் என்று சொல்ல ஒரு படமாவது இல்லாவிட்டால் இயக்குநர்களுக்கு வேலை செய்த திருப்தி இருப்பதில்லை.

அந்த இரண்டாவது படத்துக்கு அவள் செலவழித்தது இருபது நிமிடம். கைப்பேசியில் கிடந்த ஒரு முகத்தை வெட்டி எடுத்தாள். மேலே தேரைத் தோலைப் போர்த்தினாள். தாடையில் பாசி, தலையில் ஆட்டுக்கிடாக் கொம்பு இரண்டு. வேலை முடிந்தது.

கீழே இருந்த முகம் ஆல்கோட் என்பவருடையது. அவள் குடியிருக்கும் கட்டடத்தின் குடியிருப்போர் சங்கத் தலைவர்.

அந்தப் புகைப்படத்தை அவள் வேண்டுமென்றே எடுக்கவில்லை. கட்டடத்தின் பொதுத் துவைப்பறைச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது: 'உலர்த்தும் இயந்திரத்தின் வடிகட்டியில் பஞ்சை விட்டுவிட்டுப் போவது யார் என்று சங்கத்துக்குத் தெரியும்.' தோழிக்கு அனுப்பிச் சிரிக்கலாமென்று அதைப் படமெடுக்கப் போனபோது, அறிவிப்பின் நான்காவது மூலையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்த ஆல்கோட் திரும்பிவிட்டார். முகம் படத்தில் விழுந்துவிட்டது. அழித்திருக்கலாம். ஆனால் அவ்வளவு அருமையான சுருக்கங்களை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் யாரும் அழிக்க மாட்டார்கள்.

தயாரிப்பு அலுவலகத்திலிருந்து டீரா வந்தாள். கையில் ஒரு படிவம்.

"வாழ்த்துகள்டி! சிக்ஸ்டன் ஒரே தடவையில ஓகே சொல்லி நான் பார்த்ததே இல்ல. இதை மட்டும் மாசக் கடைசிக்குள்ள நிரப்பிக் குடுத்துடு."

"என்னது இது?"

"வழக்கமானதுதான். படத்துல ஒட்டின போட்டோ ஒவ்வொண்ணும் எங்கேருந்து வந்துச்சுன்னு எழுதணும். மனுஷ முகம் இருந்தா அந்த ஆளோட கையெழுத்து வேணும்."

"பூதத்துல ஏது மனுஷ முகம்?"

டீரா படத்தை ஒரு தரம் பார்த்தாள். "என்னமோ, இதைப் பார்த்தா நான் ஏதோ தப்புப் பண்ணிட்ட மாதிரியே இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஹெட்விக்குக் கையெழுத்துப் பிரச்சினைகூடப் பெரிதாகத் தெரியவில்லை. வீடுதான் பிரச்சினை. அந்த ஊரில் வாடகை வீட்டுக்கு வரிசையில் பெயர் எழுதிவைத்தவர்கள் தலை நரைத்த பிறகுதான் சாவி வாங்குவார்கள். அவளுக்கு அதிர்ஷ்டவசமாக, அலுவலகச் சமையலறைப் பலகையில் யாரோ குத்திவைத்திருந்த சீட்டைப் பார்த்து ஒரு வீடு கிடைத்திருந்தது. வீட்டுக்காரி போர்ச்சுகலில் இருந்தாள். அவள் இப்படி வெளியாளுக்கு வீட்டை விட்டிருப்பதற்கு வருடா வருடம் சங்கம் அனுமதி கொடுக்க வேண்டும். இந்த வருட அனுமதி மாதத்தின் கடைசி வியாழன் கூட்டத்தில் முடிவாகும். கூட்டம் என்பது ஆல்கோட் சொல்வதற்கு மற்ற நான்கு பேர் தலையாட்டுவது.

அந்த மனிதர் தலையில் இவள் கொம்பு வைத்திருக்கிறாள்.

சரி, முகத்தை மாற்றிவிட்டால் போயிற்று என்று உட்கார்ந்தாள். புகைப்படத்தின் ஒரு புள்ளிகூட மிஞ்சாமல் எல்லாவற்றையும் கையால் வரைந்தாள். மூக்கைத் தூக்கினாள். கண்களைத் தள்ளி வைத்தாள். தாடைப் பாசியை இரண்டு மடங்காக்கினாள். இரண்டு நாள் கழித்து, 'சும்மா கொஞ்சம் மெருகேற்றினேன்' என்று எழுதி அனுப்பினாள்.

காபி நேரத்தில் சிக்ஸ்டன் ஏலக்காய் பன்னோடு அவள் மேசைக்கே வந்துவிட்டார். நாற்பத்தைந்து வயது, மெல்லிய குரல், யாரையும் கடிந்து பேசாத மனிதர்.

"ஹெட்விக், என்னமோ தொலைஞ்சு போச்சும்மா."

"எது?"

"மூக்கு இப்படி இருக்காது. கீழே இறங்கி வரும். பாசியும் வேண்டாம், தாடை மொழுமொழுன்னு தெரியணும். அப்புறம் இந்தப் புருவம்." அவர் தன் இடது புருவத்தை விரலால் தூக்கிக் காட்டினார். "கோபம் வந்தா இது மட்டும் தனியா மேலே போகும். அந்தப் பக்கத்துப் புருவம் அசையவே அசையாது."

ஹெட்விக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆல்கோட்டின் கோபம் அப்படித்தான் வரும். புகைப்படத்தில் அது இல்லை. அறிவிப்பு ஒட்டும்போது அவர் சந்தோஷமாகத்தான் இருந்தார்.

"ரெண்டு புருவமும் சேர்ந்து போனா நல்லாயிருக்காதா?"

"ரெண்டும் போனா அது ஆச்சரியம். ஒண்ணு மட்டும் போனாத்தான் பயம்," என்றார் சிக்ஸ்டன். "நீ முதல்ல அனுப்பினதைப் பார்த்ததும் எனக்கு ரொம்ப நாள் பழகின பூதம் மாதிரி இருந்துச்சு. அதை விட்டுடாதே."

எல்லா இயக்குநர்களும் இப்படித்தான் பேசுவார்கள். போன தொடரின் இயக்குநர் ஒரு பறக்கும் ஆமையைப் பார்த்துத் தன் கடந்தகாலம் என்று அழுதார். ஹெட்விக் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூக்கை இறக்கினாள், பாசியை எடுத்தாள், புருவத்தை ஏற்றினாள். இப்போது படத்தில் புகைப்படம் துளியும் இல்லை. ஆனால் முன்பு ஆல்கோட்டின் சாயலில் இருந்தது, இப்போது ஆல்கோட்டாகவே ஆகிவிட்டிருந்தது.

அடுத்ததாக அவள் வேறு வழியில் முட்டினாள்.

"சிக்ஸ்டன், பூதம் ஒரு பொம்பளையா இருந்தா என்ன? இளவயசு. கத்திக்கிட்டே ஓடி வரும். புதுசா இருக்கும்."

அவர் உண்மையாகவே யோசித்தார். அதுதான் அவரிடம் உள்ள தொல்லை. யார் எதைச் சொன்னாலும் யோசிப்பார்.

"கத்தாது," என்றார் கடைசியில். "கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும். பக்கத்துல போய்க் காது குடுத்தாத்தான் திட்டு கேக்கும். ஓடவும் ஓடாது. கையைப் பின்னால கட்டிக்கிட்டு நடக்கும். வந்து நின்னதும் முதல்ல நம்ம செருப்பைத்தான் பார்க்கும்."

"செருப்பையா?"

"சேறு இருக்கான்னு. அப்புறம், இடுப்புல கொத்தா ஏதாவது தொங்கணும். எலும்போ சிப்பியோ, உன் இஷ்டம். வர்றதுக்கு முன்னாலயே சத்தம் வரணும். அந்தச் சத்தம் கேட்டா ஊரே விளையாட்டை நிறுத்தணும்."

ஆல்கோட்டின் இடுப்பில் நிலவறை, மாடி, குப்பையறை, சைக்கிள் அறை எல்லாவற்றுக்குமான சாவிகள் கொத்தாகத் தொங்கும். ஹெட்விக் தலையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஸ்வீடனில் கட்டடத்துக்கு ஓர் ஆல்கோட் உண்டு. சிக்ஸ்டன் குடியிருக்கும் இடத்திலும் ஒருவர் இருப்பார். எல்லோரும் ஒரே அச்சு.

சிப்பிக் கொத்தை வரைந்து கொடுத்தாள். அபாரம் என்று பதில் வந்தது.

பூதத்தை மாற்ற முடியாது என்றால் ஆல்கோட்டை மாற்ற வேண்டியதுதான். இந்த யோசனை வந்தபோது அவளுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. உருவம் கொடுப்பதுதானே அவள் தொழில்.

ஞாயிற்றுக்கிழமைத் துவைப்பு நேரத்தில் ஆல்கோட் வடிகட்டியைச் சோதிக்க வந்தார். சாவிச் சத்தம் வந்து அரை நிமிடம் கழித்து ஆள் வந்தார்.

"வணக்கம் ஆல்கோட். ஒண்ணு சொன்னாத் தப்பா நினைக்க மாட்டீங்களே?"

"பஞ்சைப் பத்தியா?"

"இல்ல. உங்க முகவெட்டுக்குத் தாடி வச்சா ரொம்ப எடுப்பா இருக்கும். நான் முகங்களையே பார்த்துப் பார்த்து வேலை செய்யறவ, அதான் சொல்றேன்."

ஆல்கோட் வடிகட்டியைக் கையில் பிடித்தபடி நின்றார். "தாடியா? எனக்கா?"

"அடர்த்தியா. காதுலேருந்து காதுவரைக்கும்."

"குன்வோர் நாப்பத்தெட்டு வருஷமா என் மூஞ்சியைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்ல," என்றார் அவர். குரலில் மனைவி மேல் மெல்லிய குறை தெரிந்தது. வடிகட்டியை மாட்டிவிட்டு, இயந்திரத்தின் கண்ணாடிக் கதவில் தன் தாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி போனார். அன்றைக்குப் பஞ்சைப் பற்றிப் பேசவே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அவருக்கு ஒரு வாரத் தாடி வளர்ந்திருந்தது. மாடிப்படியில் பார்த்த ஹெட்விக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பூதத்தின் தாடை மொழுமொழு, தலைவரின் தாடை புதர். இனி யார் பார்த்தாலும் வேறு வேறு ஆள்தான்.

அந்தச் சந்தோஷம் திங்கட்கிழமை ஒன்பது மணிவரை நீடித்தது.

"தாடை மொழுமொழுன்னு இருக்கணும்னு சொன்னது என் தப்பு," என்றார் சிக்ஸ்டன், மேசை ஓரத்தில் உட்கார்ந்து. "ஒரு வாரத் தாடி போடு. வெள்ளையா, முள்ளு முள்ளா. வலது கன்னத்துல மட்டும் காசு அகலத்துக்கு முளைக்காம இருக்கட்டும்."

"திடீர்னு எப்படித் தோணுச்சு?" ஹெட்விக்கின் குரல் தேய்ந்திருந்தது.

"நேத்து மத்தியானம் சாப்பிட்டுக்கிட்டிருந்தேன். அப்படியே கண்ணு முன்னால வந்து உக்காந்துச்சு. பயந்தே போயிட்டேன்."

அன்று மாலை வீடு திரும்பிய ஹெட்விக், வாசலில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஆல்கோட்டின் வலது கன்னத்தைப் பார்த்தாள். காசு அகலத்துக்கு ஒரு வழுக்கை இருந்தது.

"என்னம்மா அப்படிப் பார்க்கற? நல்லா இல்லையா?"

"நல்லாயிருக்கு," என்று சொல்லிவிட்டு அவள் படியேறினாள். தன் கைக்கு ஏதோ சாபம் பிடித்திருக்கிறது என்று அவள் நம்பத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

செவ்வாய்க்கிழமை களிமண் தலை தயாராகிவிட்டது, வந்து பார் என்று டீரா கூப்பிட்டாள். பட்டறைக் கதவைத் திறந்ததும் எதிரே, ஆள் உயரத்துக்குப் பலகைமேல், ஆல்கோட்டை உரித்து வைத்ததுபோல் அந்தத் தலை இருந்தது. இடது புருவம் மேலே போயிருந்தது. கண்கள் நேராக ஹெட்விக்கின் செருப்பைப் பார்த்தன.

"மன்னிச்சுக்குங்க, அடுத்த தடவை மறக்காம எடுத்துடறேன்," என்று அவள் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"எதை எடுக்கப்போற?" என்றாள் டீரா.

"ஒண்ணுமில்ல."

"சரி கேளு. சுவரொட்டி அடுத்த வாரம் வருது. எல்லா மெட்ரோ நிலையத்திலயும். உன் வீட்டுக்கு எதிர்ல இருக்கற நிலையத்துலதான் பெரிசு, ரெண்டு ஆள் உயரம். உனக்குச் சந்தோஷமா இருக்கட்டும்னு நான்தான் கேட்டு வாங்கினேன்!"

ஹெட்விக் அவளுக்கு நன்றி சொன்னாள். வேறென்ன சொல்வது.

அவள் வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்து சுவர்களைப் பார்த்தாள். மூன்று வருடத்தில் அவள் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்த வரைமேசை, சன்னலோரச் செடி, மதியம் மூன்று மணிக்கு வரும் வெளிச்சம். இதையெல்லாம் விட்டுப் போக அவளுக்கு மனசில்லை. ஆனால் யோசிக்க யோசிக்க, பயத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. ஒரு மனிதரின் முகத்தைக் கேட்காமல் எடுத்துக் கொம்பு வைத்தாயிற்று. அது போதாதென்று அவரைத் தாடி வேறு வளர்க்க வைத்தாயிற்று. அந்தத் தாடியை அவர் எவ்வளவு ஆசையாகத் தடவிக்கொண்டார்!

சுவரொட்டியைப் பார்த்து அவர் தெரிந்துகொள்வதைவிடத் தானே போய்ச் சொல்லிவிடுவது மேல். வீடு போனால் போகட்டும் என்று முடிவு செய்தாள்.

புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு, கூட்டத்துக்கு முந்தின நாள், படத்தையும் படிவத்தையும் எடுத்துக்கொண்டு முதல் மாடிக்குப் போனாள். ஆல்கோட்டின் மனைவி குன்வோர் கதவைத் திறந்தாள்.

"வாம்மா. தாடிக்கு ஐடியா குடுத்த பொண்ணு நீதானா? முத்தம் குடுத்தாக் குத்துது," என்று சொல்லிவிட்டு, காபி போட உள்ளே போனாள்.

ஆல்கோட் மேசையில் நாளைய கூட்டத்துக்கான காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். மேலாக இருந்தது அவளுடைய வீட்டு அனுமதிக் காகிதம். கையெழுத்து இன்னும் போடவில்லை.

ஹெட்விக் படத்தை அவர் முன் வைத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கொதிகலன் அறிக்கையைப் படிப்பதுபோல் மேலிருந்து கீழே படித்தார்.

"என்ன இது?"

"பூதம்."

"அது தெரியுது. என்கிட்ட எதுக்குக் காட்டற?"

"அது நீங்கதான், ஆல்கோட்."

பிறகு அவள் நிறுத்தவே இல்லை. துவைப்பறைப் புகைப்படம், நடுவில் வைக்கும் படம், படிவம், தாடி என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கடைசியில் படிவத்தையும் அவர் முன் வைத்தாள். "நான் செஞ்சது தப்பு. உங்ககிட்ட முதல்லயே கேட்டிருக்கணும். நீங்க வேண்டாம்னா, இயக்குநர்கிட்டப் போய் உண்மையைச் சொல்லிடறேன். வீட்டை வேணும்னாலும் காலி பண்ணிடறேன்."

ஆல்கோட்டின் இடது புருவம் தனியாக மேலே போனது. குரல் இறங்கியது. ஹெட்விக் முன்னால் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

"போட்டோவுல என் புருவம் இப்படித் தூக்கியிருந்துச்சா?"

"இல்ல. அது இயக்குநர் சொன்னது."

"இந்தச் சிப்பிக் கொத்து? என் சாவி மாதிரி?"

"அதுவும் அவர்தான். நான் வேண்டாம்னுதான் பார்த்தேன்."

"கையைப் பின்னால கட்டிக்கிட்டு, செருப்பைப் பார்க்கறது?"

"அவர்தான்."

அவர் விரல் வலது கன்னத்துக்குப் போனது. "இந்த இடத்துல முளைக்காதது?"

"சத்தியமா அவர்தான். எப்படின்னே தெரியல. நான் உங்களைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்ல."

ஆல்கோட் மறுபடி படத்தைப் பார்த்தார். இந்தத் தடவை நெடுநேரம் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இருப்பதாகத் தெரியவில்லை. அதுதான் ஹெட்விக்கை இன்னும் பயமுறுத்தியது.

"இவ்வளவு உன்னிப்பா யாரும் என்னைப் பார்த்ததில்ல," என்றார். "என்னைப் பார்த்தா எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்குவாங்க. அந்த ஆள் பேரு என்ன?"

"சிக்ஸ்டன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் துடைத்தார். துடைக்க அவ்வளவு நேரம் ஆகாது. பிறகு பேனாவை எடுத்து, முதலில் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். அடுத்து வீட்டு அனுமதிக் காகிதத்தை இழுத்து, அதிலும் போட்டார். இரண்டையும் நேராக அடுக்கி அவள் பக்கம் தள்ளினார்.

"இன்னும் ஒரு வருஷம் இரு. நாளைக்குக் கூட்டத்துல நான் சொல்லிக்கறேன்."

ஹெட்விக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நன்றி சொல்ல வாய் திறந்தாள். அதற்குள் குன்வோர் காபித் தட்டோடு வந்து, கணவரின் தோளுக்குமேல் எட்டி, மேசையிலிருந்த படத்தைப் பார்த்தாள்.

"நம்ம பையன் அஞ்சு வயசுல உன்னை வரைஞ்சு ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டினானே, அதுல கொம்பு இன்னும் கொஞ்சம் நீளமா இருந்துச்சு, இல்ல ஆல்கோட்?"